ரிவ்யூவில் மறுபடியும் ‘பெயர் புரியவில்லை’: ஃபங்ஷனுக்கும் வேரியபிளுக்கும் நீங்கள் எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

பெருங்குடி_பையன்

வணக்கம். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கோடிங் பக்கம் வந்தவன் நான். பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அபார்ட்மென்ட் அசோசியேஷன்களுக்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ் கணக்குப் போட்டு பில் அனுப்பும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்து அபார்ட்மென்ட்கள்தான் பெரும்பாலும்.

நான் எழுதும் கோட் ஓடுகிறது, டெஸ்ட் பாஸ் ஆகிறது. ரிவ்யூவுக்கு, அதாவது வேறொருவர் படித்துச் சரிபார்க்க, அனுப்பினால் மட்டும் டீம் லீட் ‘பெயர்கள் புரியவில்லை’ என்று ஒரே வரி போட்டுத் திருப்பிவிடுகிறார். எந்தப் பெயர், ஏன் என்று கேட்டால் ‘படிச்சா புரியணும்பா’ என்கிறார். எனக்குப் படித்தால் புரிகிறதே! நான்தானே எழுதினேன்.

இப்போது திரும்பி வந்து நிற்கும் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டை, சொல்கிறேன். கோடில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. மொபைலில் தட்டுவதால் இங்கே தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். ஃபங்ஷன் பெயர் ‘ப்ராசஸ்_டேட்டா’. உள்ளே மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்கள், அதாவது வேரியபிள்கள்: ‘டெம்ப்’ என்பது அந்த மாதம் வந்த தண்ணீர் லாரிக்கான செலவு. ‘டெம்ப்2’ அதை வீடுகளுக்குப் பிரித்த பிறகு ஒரு வீட்டின் பங்கு. ‘ஈபி’ என்பது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கான பொது கரன்ட் பில். ‘ஃப்ளாக்’ 1 என்றால் வாடகைக்கு இருப்பவர், 0 என்றால் ஓனர். ‘ஃபைனல்’ என்பது இந்த மாதத் தொகை, ‘ஃபைனல்_நியூ’ என்பது பழைய பாக்கியும் சேர்ந்தது. எல்லாம் முடிந்ததும் அதே ஃபங்ஷன் ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பிவிடும்.

சரி, விளக்கமாக வைப்போம் என்று ‘ப்ராசஸ்_ஆல்_ஃப்ளாட்_மெயின்டனன்ஸ்_டேட்டா_அண்ட்_சென்ட்’ என்று மாற்றினேன். பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சின்னதாக வைத்தாலும் தப்பு, பெரிதாக வைத்தாலும் தப்பு என்றால் எத்தனை எழுத்துதான் வைப்பது? ஏதாவது விதி இருக்கிறதா? இன்னொன்று, எங்கள் டீமில் ஒருவர் ‘பாக்கி’ என்று எழுதுகிறார், ஒருவர் ‘பேலன்ஸ்’, இன்னொருவர் ‘ட்யூ’. நான் எதைப் பின்பற்றுவது?

---

நாவலூர்_நைட்ஷிஃப்ட்

ப்ரோ, இதுக்கெல்லாம் இப்போது யார் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்? ஃபங்ஷனை அப்படியே காப்பி பண்ணி ஏஐ டூலில் போட்டு ‘நல்ல பெயர் கொடு’ என்று கேளுங்கள். பத்துப் பெயர் கொடுக்கும், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லீட் திருப்தி, நீங்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். துரைப்பாக்கம் சிக்னல் தாண்டுவதுதான் நம் வாழ்க்கையில் உண்மையான பிரச்சினை.

---

பூக்கடை_பில்லிங்

தம்பி, உங்கள் லீட் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. திருப்பி அனுப்புகிறவர் எந்த வரியில் தடுக்கினார் என்று காட்ட வேண்டும். அதை விடுங்கள், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பூக்கடை, என்எஸ்சி போஸ் ரோடு பக்கம் நகைக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்துப் பராமரிப்பவள். புதிதாக எழுதும் கோட் கொஞ்சம்தான். யாரோ எழுதி, யாரோ திருத்தி, கடைசியில் என் தலையில் வந்து விழுந்ததைப் படித்து ஓட்டுவதுதான் பெரும்பாலான நாள் வேலை. அதனால் எனக்கு ‘அழகான பெயர்’ பற்றியெல்லாம் கவலை கிடையாது. போன் வந்தால் கண்டுபிடிக்க முடிகிறதா, அவ்வளவுதான்.

கடையிலிருந்து போன் எப்படி வரும் தெரியுமா? ‘அக்கா, இந்த செயினுக்குச் சேதாரம் தப்பா விழுது, பார்ட்டி உட்கார்ந்திருக்காங்க.’ பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடையாது என்று அர்த்தம். உடனே கோடைத் திறந்து தேடுவேன். எந்த வார்த்தையைத் தேடுவேன்? கேஷியர் வாயிலிருந்து வந்த வார்த்தையைத்தான். சேதாரத்துக்கு ‘வேஸ்டேஜ்’ என்று வைத்திருந்தாலும் பிழைத்தேன். ‘எக்ஸ்ட்ரா’ என்றோ ‘வேல்யூ2’ என்றோ வைத்திருந்தால் பார்ட்டி அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

உங்களுக்கு யார் போன் செய்வார்கள்? அசோசியேஷன் செயலாளர். என்ன சொல்வார்? ‘சார், லாரித் தண்ணி காசு ரெண்டு தடவை ஏறியிருக்கு, மீட்டிங்ல என்னைக் கேள்வி கேக்கறாங்க.’ அப்போது உங்கள் கோடில் லாரி என்று தேடினாலும் வராது, டேங்கர் என்று தேடினாலும் வராது, வாட்டர் என்று தேடினாலும் வராது. ‘டெம்ப்’ மட்டும் ஊர் முழுக்க இருக்கும். ‘படிச்சா புரியணும்’ என்று உங்கள் லீட் சொன்னதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: புகார் சொல்கிறவர் உபயோகிக்கும் வார்த்தை கோடுக்குள் அகப்பட வேண்டும்.

எத்தனை எழுத்து என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தை எண்ணாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் தெரியாத விஷயம் எதுவோ அதைப் பெயரில் வையுங்கள். எண்களுக்கு அது பெரும்பாலும் அளவு: ரூபாயா, லிட்டரா, சதவீதமா, கிராமா.

எனக்கு வந்து சேர்ந்த ஒரு கோடில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் ‘வேஸ்ட்’ என்று ஒரு வேரியபிள். ஒரு ஃபைலில் அது சதவீதம், இன்னொரு ஃபைலில் கிராம். 10 கிராம் செயினுக்கு 12 சதவீதச் சேதாரம் என்றால் 1.2 கிராம். செயினில் 12-ஐ யாரும் கிராம் என்று நினைக்க மாட்டார்கள், தப்பு கண்ணில் பட்டுவிடும். மாட்டிக்கொண்டது தங்கக் காசில். ஒரு சவரன், அதாவது 8 கிராம் காசுக்குச் சேதாரம் 2 என்று போட்டிருந்தார்கள். 2 சதவீதம் என்றால் 0.16 கிராம். சாஃப்ட்வேர் அதை 2 கிராமாக எடுத்துக்கொண்டு பில் போட்டுவிட்டது. 2 என்ற எண்ணைப் பார்த்தால் இரண்டுமே நம்பும்படிதான் இருக்கும், அதனால் கேஷியர் கண்ணில் படவில்லை. நல்லவேளையாக நம்மூர்க்காரர்கள் மொபைல் கால்குலேட்டரில் சரிபார்க்காமல் நகைக்கடைப் படி இறங்க மாட்டார்கள். அங்கேயே பிடித்துவிட்டார்கள். நான் கணக்கைத் தொடவே இல்லை. முதலில் ‘வேஸ்டேஜ்_பெர்சென்ட்’, ‘வேஸ்டேஜ்_கிராம்ஸ்’ என்று இரண்டு பெயராகப் பிரித்தேன். பிரித்த மாத்திரத்தில், ஒரு ஃபங்ஷனுக்குக் கிராம் போக வேண்டிய இடத்தில் சதவீதம் போவது அந்த வரியிலேயே எழுதி வைத்தமாதிரி தெரிந்தது. ‘ரேட்’ என்று மட்டும் இருந்ததற்கும் இதே வைத்தியம். கிராமுக்கு என்ன விலை, சவரனுக்கு என்ன விலை என்று தினமும் இரண்டும் சொல்கிறார்கள். எது எந்த வேரியபிளில் இருக்கிறது என்று பெயர் சொல்லாவிட்டால் எட்டு மடங்கு வித்தியாசம்.

நகைக்கடை மட்டும் இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது இந்த மாதிரி அளவுக் குழப்பத்தில்தான். ஒரு மென்பொருள் உந்துதலின் அளவைப் பவுண்ட் கணக்கில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் கணக்கு என்று நினைத்துக்கொண்டது.

உங்கள் கோடில் இந்த வகை ஆபத்து ‘ஈபி’. நமக்குக் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மெயின்டனன்ஸோ மாதாமாதம். அப்படியானால் ‘ஈபி’யில் இருப்பது இரண்டு மாதத் தொகையா, பாதியாக்கியதா? நீங்கள் எழுதிய அன்று தெரியும். லீவில் ஊருக்குப் போயிருக்கும்போது திருத்துகிறவர் தன் பங்குக்கு ஒரு தடவை இரண்டால் வகுப்பார். ‘காமன்_ஈபி_டூ_மந்த்ஸ்’, ‘காமன்_ஈபி_பெர்_மந்த்’ என்று வைத்தால் அந்த வேலை நடக்காது.

ஏஐயிடம் கேட்கச் சொன்ன நாவலூர் தம்பிக்கும் இதுதான் பதில். ‘டெம்ப்’ உள்ளே 12000 என்று இருந்தால் அது 12,000 லிட்டர் லாரியா, மே மாதம் லாரிக்காரருக்குக் கொடுத்த 12,000 ரூபாயா? கோடில் எழுதாத விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றை ஊகித்து, அழகான ஆங்கிலத்தில் தப்பாகப் பெயர் வைத்துக் கொடுக்கும். டெம்ப் என்று இருந்தாலாவது சந்தேகப்பட்டுப் பார்ப்போம். தப்பான பெயர் மொட்டைப் பெயரைவிட மோசம்.

அடுத்தது ஃபங்ஷன். இதில் ஒன்றே ஒன்றில் நான் கறார்: ‘கெட்’ என்று ஆரம்பித்தால் எடுத்துக் கொடுப்பதோடு நிற்க வேண்டும், எதையும் மாற்றக்கூடாது. மேலே சொன்ன அதே கோடில் ‘கெட்_பில்_நம்பர்’ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. பெயரைப் பார்த்தால் சாது. உள்ளே போனால், கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அடுத்த நம்பரை எடுத்து டேட்டாபேஸில் பதிந்துவிடும். பிறகு வந்த ஒருவர் ‘பில் நம்பரைத்தானே எடுக்கிறோம்’ என்று பிரின்ட் ப்ரிவ்யூவிலும் அதைக் கூப்பிட்டு வைத்தார். கேஷியர் ப்ரிவ்யூ பார்க்கும்போதெல்லாம் ஒரு நம்பர் காலி. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக வர வேண்டும். மார்ச் முடிந்து ஆடிட்டர் உட்கார்ந்ததும் ‘நடுவில் இத்தனை பில் எங்கே போச்சு’ என்று கேட்கிறார். பில்லை அடித்துக் காசை அமுக்கிவிட்டானோ என்று முதலாளி பாவம் அந்தக் கேஷியரைச் சந்தேகப்பட்டார். ‘அலாட்_நெக்ஸ்ட்_பில்_நம்பர்’ என்று முதலிலேயே இருந்திருந்தால் எவரும் அதை ப்ரிவ்யூவில் போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் ‘ப்ராசஸ்_டேட்டா’. அதற்குப் பெயர் அகப்படாததற்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் இல்லை. மூன்று வேலையை ஒரே ஃபங்ஷனில் அடைத்திருக்கிறீர்கள், அதனால்தான் பெயர் வைக்கப் போனால் ‘அண்ட்’ போட வேண்டி வருகிறது. லாரிச் செலவைப் பிரிப்பது ஒன்று: ‘ஸ்ப்ளிட்_டேங்கர்_காஸ்ட்’. ஒரு வீட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டுவது இன்னொன்று: ‘டோட்டல்_பேயபிள்_ஃபார்_ஃப்ளாட்’. அனுப்புவது தனி: ‘சென்ட்_பில்_ஆன்_வாட்ஸ்அப்’. பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், கணக்கு சரியா என்று பார்க்க ஒரு தடவை ஓட்டினாலே வேளச்சேரியில் அத்தனை வீட்டு போனும் டிங் டிங் என்று அடிக்கும். ‘ப்ராசஸ்’ என்ற பெயரில் அந்த எச்சரிக்கை எங்கே இருக்கிறது?

‘ஃபைனல்_நியூ’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபைனல் என்று பெயர் வைத்த எதுவும் இந்த ஊரில் ஃபைனலாக இருந்ததில்லை. ‘திஸ்_மந்த்_சார்ஜஸ்’, ‘பேயபிள்_வித்_அரியர்ஸ்’ என்று வைத்துவிட்டு நகருங்கள்.

‘ஃப்ளாக்’ கொஞ்சம் சுவாரசியம். 1 என்றால் வாடகைக்காரர், 0 என்றால் ஓனர் என்கிறீர்கள். ‘இஸ்_டெனன்ட்’ என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் ஒரு கேள்வி வரும்: பூட்டிக் கிடக்கும் வீடு? ஓனர் அமெரிக்காவில், வாடகைக்கும் விடவில்லை, தண்ணீர்ச் செலவில் பங்கு கேட்டால் சண்டைக்கு வருவார். எல்லா அபார்ட்மென்டிலும் இப்படி இரண்டு வீடாவது இருக்கும். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஆமாம், இல்லை என்ற ஃப்ளாக் இல்லை. ஓனர், வாடகைக்காரர், காலி என்று மூன்று நிலை உள்ள ‘ஆக்குபன்சி’. ஃப்ளாக் என்றே இருந்தவரை இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்காது.

---

கோயம்பேடு_கோ

அக்கா சொன்னதில் பாதிக்கு ஆமாம், பாதிக்கு இல்லை.

எங்கள் டீம் எழுதுவது கோ என்ற நிரல் மொழியில். அங்கே நீளப் பெயர் வைத்தால்தான் முறைப்பார்கள். திரும்பத் திரும்ப ஓடும் மூன்று வரி லூப்பில் ‘ஐ’ போதும், அதை ‘ஃப்ளாட்_இண்டெக்ஸ்’ ஆக்கினால் படிக்கும் கண்தான் வலிக்கும். பெயர் பிறந்த இடத்துக்கும் அதைப் பயன்படுத்தும் இடத்துக்கும் தூரம் கூடக்கூடப் பெயரும் நீளலாம். பக்கத்து வரியிலேயே செத்துப்போகும் வேரியபிளுக்கு ஜாதகம் எழுத வேண்டாம். ஆனால் ஒற்றை எழுத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு: பைதான் மொழியின் நடை விதிகளான பெப் 8-லேயே சின்ன ‘எல்’, பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’ மூன்றையும் தனியாகப் பெயராக வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள், சில ஃபான்டில் ஒன்றும் பூஜ்யமும் மாதிரியே தெரியும் என்பதால்.

காலேஜ் லேபில் டர்போ சி-யில் பழகியவர்கள் உயிரெழுத்தை எல்லாம் முழுங்கிப் பெயர் வைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1989-இல் வந்த சி தரநிலையில், ஃபைல்களுக்கு இடையே பகிரும் பெயரில் முதல் ஆறு எழுத்துக்குத்தான் உத்தரவாதம். ஆறுக்கு மேல் வேறுபட்டால் ஃபைல்களை இணைக்கும் சில லிங்கர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் காலம் போய்விட்டது, கை மட்டும் இன்னும் பழைய ஞாபகத்தில் சுருக்குகிறது.

அளவைப் பெயரில் வை என்பதற்கு என் ஓட்டு. காத்திருக்கச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட்டில் 5 என்று கொடுத்தால் 5 மில்லிசெகண்ட், பைதானின் ஸ்லீப்பில் 5 என்றால் 5 செகண்ட். ‘டிலே’ என்று மட்டும் பெயர் வைத்துவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் பாடு திண்டாட்டம். மொழியை உருவாக்கியவர்களே நல்ல பெயர் வைத்துவிடவில்லை, அது வேறு விஷயம். ஜாவாஸ்கிரிப்டில் ‘கெட்டே’ என்று கூப்பிட்டால் தேதி வராது, கிழமை வரும், ஞாயிறுக்கு 0. தேதி வேண்டுமானால் ‘கெட்டேட்’. ‘கெட்மந்த்’ ஜனவரிக்கு 0 கொடுக்கும். மெயின்டனன்ஸ் பில் போடுகிற தம்பி இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நான் ஒத்துக்கொள்ளாத இடம் எதுவென்றால், புகார் சொல்கிறவரின் வார்த்தையை அப்படியே கோடில் போடுவது. எங்கள் டீமில் பாதிப் பேர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். ‘சேதாரம்’, ‘பாக்கி’ என்று எழுதி வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

---

பூக்கடை_பில்லிங்

கோயம்பேடு தம்பி, லூப்பில் ‘ஐ’ வைத்தால் நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் நீட்டச் சொல்லவில்லை.

தமிழ் வார்த்தை விஷயத்தில் என் வழக்கம் இது. நேரான, ஒரே பொருள் தரும் ஆங்கில வார்த்தை இருந்தால் அதையே வைப்பேன். ‘லாரித் தண்ணி’க்கு டேங்கர் போதும். இல்லாதபோது இழுத்துப் பிடித்து மொழிபெயர்க்க மாட்டேன். ஏலச்சீட்டு நடத்தும் ஒருவருக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தபோது ‘தள்ளு’ (சீட்டை ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை) என்பதற்கு ‘டிஸ்கவுன்ட்’ என்று வைத்திருந்தால், பண்டிகைத் தள்ளுபடிக்கும் அதே பெயர் வந்து இரண்டும் குழம்பியிருக்கும். தள்ளு என்றே வைத்தேன். ஜெர்மனிக்காரர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். டிஸ்கவுன்ட் என்று இருந்தால் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருப்பார்.

ஆனால் தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வேறு ஒரு தலைவலி இருக்கிறது, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. ‘சேதாரம்’ என்பதில் வரும் ‘தா’வுக்கு ஒருவர் ‘டி’ போடுவார், ஒருவர் ‘டிஎச்’, மதுரையிலிருந்து வந்த பையன் ‘டிஎச்ஏஏ’ போடுவான். பழத்தில் வரும் ‘ழ’வுக்குக் கேட்கவே வேண்டாம். மூன்றும் மூன்று வேரியபிள். தேடினால் ஒன்று கிடைக்கும், இரண்டு தப்பிக்கும். அதனால் ப்ராஜெக்டின் முதல் ஃபோல்டரிலேயே ஒரு சின்ன ஃபைல் வைத்திருக்கிறோம். வார்த்தை, அதன் ஸ்பெல்லிங், கவுன்டரில் அதற்கு என்ன பொருள், எந்த அளவில், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர் முதலில் படிப்பது அதைத்தான். ரிவ்யூவில் ‘பெயர் புரியவில்லை’ என்று சண்டை வருவதில்லை. ‘ஃபைலில் இல்லாத வார்த்தையை எழுதியிருக்கிறாய்’ என்று கையைக் காட்டினால் முடிந்தது.

பெருங்குடி தம்பியின் பாக்கி, பேலன்ஸ், ட்யூ மூன்றுக்கும் இதுவே வழி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால் ‘பேலன்ஸ்’ வேண்டாம். அட்வான்ஸ் கட்டியவருக்கும் பேலன்ஸ் இருக்கிறது, கட்டாதவருக்கும் பேலன்ஸ் இருக்கிறது. யார் யாருக்குத் தர வேண்டும் என்று அந்த வார்த்தை சொல்லவே இல்லை.

---

கிண்டி_தேர்டு_இயர்

ஒரு சந்தேகம். பைதானில் தமிழ் எழுத்திலேயே வேரியபிள் பெயர் வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். அப்படி வைத்துவிட்டால் ஸ்பெல்லிங் பிரச்சினையே இருக்காதே?

---

யூனிகோட்_மாமா

வைக்கலாம். பெப் 3131 என்ற முடிவின்படி 2008-இல் வந்த பைதான் 3.0-இலிருந்தே அது உண்டு. ‘எழில்’ என்று நிரல் மொழியே தமிழில் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதி. ஆனால் ஸ்பெல்லிங் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்காதே.

‘தொகை’ என்று எழுது. அந்த ‘தொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘த’வோடு ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைதான் வேரியபிள் பெயர்களை உள்ளே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் பிழைத்தாய். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கை அது தொடாது. டிக்‌ஷனரியில் ‘தொகை’ என்று கீ (தேடும் சொல்) வைத்து, வேறொரு கீபோர்டில் தட்டிய ‘தொகை’யைக் கொண்டு தேடினால் ‘இல்லை’ என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம், வேரியபிள் பெயரைக்கூட அது சரிசெய்யாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ‘தொகை’ இரண்டு வேரியபிளாக உட்கார்ந்திருக்கும்.

உன் சொந்த ப்ராஜெக்டில் வைத்துப் பார், ஆசை தீரட்டும். ஒவ்வொரு வரியிலும் கீபோர்டை மாற்றி மாற்றித் தட்டும்போது உனக்கே தெரியும்.

---

பெருங்குடி_பையன்

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக பூக்கடை அக்காவுக்கு. ஃபங்ஷனை மூன்றாகப் பிரித்தேன். ‘ஸ்ப்ளிட்_டேங்கர்_காஸ்ட்’ எழுதும்போதுதான் கவனித்தேன், சில அபார்ட்மென்டில் லாரிச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கிறார்கள், சிலதில் சதுர அடிப்படி. அதனால் அது ‘ஸ்ப்ளிட்_ஈக்வலி’, ‘ஸ்ப்ளிட்_பை_ஏரியா’ என்று இரண்டாகிவிட்டது. பாக்கிக்கு டீமில் பேசி ‘அரியர்ஸ்’ என்று முடிவு செய்தோம். பூட்டிக் கிடக்கும் வீடு பற்றி லீடிடம் கேட்டேன். ‘அதை நீ எப்படி யோசிச்சே’ என்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஒரு சிக்கல். ‘ஃபைனல்_நியூ’ டேட்டாபேஸ் டேபிளிலும் அதே பெயரில் ஒரு ஃபீல்டாக இருக்கிறது. மொபைல் ஆப்புக்குப் போகும் தரவிலும் அதே பெயர்தான். அதையும் மாற்றிவிடலாமா?

---

பூக்கடை_பில்லிங்

அவசரப்படாதீர்கள். கோடுக்குள் இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். விஎஸ் கோட் எடிட்டரில் எஃப்2 அழுத்தினால் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் மாறும். ஆனால் மேற்கோள் குறிக்குள் டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் வரிகளில் மாறாது, அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பெயர் மாற்றத்தைத் தனிக் கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாகப் போடுங்கள். கணக்கு மாற்றத்தோடு கலந்தால் ரிவ்யூ செய்கிறவருக்கு எது பெயர், எது கணக்கு என்று தெரியாது, மறுபடியும் ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்.

வெளியே போய்விட்ட பெயர் வேறு கதை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சர்வருக்குச் சொல்ல பிரவுசர் அனுப்பும் ‘ரெஃபரர்’ என்ற எச்டிடிபி ஹெடரில் ஒரு ‘ஆர்’ விட்டுப்போய்விட்டது. 1996-இல் வெளியான ஆவணத்திலேயே அந்தத் தப்பு ஸ்பெல்லிங் ஏறிவிட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தத் தப்போடுதான் ஓடுகிறது, மாற்றினால் அத்தனை சர்வரும் உடையும். உங்கள் ஆப்புக்கும் அதே நிலைதான். அப்டேட் செய்யாமல் பழைய வெர்ஷனையே வைத்திருக்கும் செயலாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நீங்கள் பெயரை மாற்றிய அன்று அவர்கள் திரையில் தொகை இருக்கும் இடம் காலியாகும்.

டேபிளிலிருந்து படிக்கும் ஒரே இடத்தில் ‘ஃபைனல்_நியூ’வை வாங்கி ‘பேயபிள்_வித்_அரியர்ஸ்’ஸில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் கோடில் எங்கேயும் பழைய பெயர் வரக்கூடாது. ஆப்புக்குப் போகும் தரவில் கொஞ்ச காலத்துக்கு இரண்டு பெயரிலும் அதே தொகையை அனுப்புங்கள். பழைய வெர்ஷனிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று சர்வர் லாகில் தெரிந்த பிறகு பழையதை எடுங்கள். எடுப்பதை மட்டும் பில் போகும் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.